கல்யாண முருங்கையில் ஒரு கவசம்

சென்னீர்குப்பம் பூந்தமல்லி–ஆவடி சாலையில் இருக்கிறது. இந்தச் சாலையிலேயே வடக்கே போனால் ஆவடி. அங்கே 1961இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பின்னால் அர்ஜுன் டாங்கியும் வந்தது. அர்ஜுனின் எடை ஐம்பத்தெட்டு டன்னுக்கும் மேல். தென்மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கத்தில், ஒரு பெரிய படப்பிடிப்பு வளாகம் இருக்கிறது. சினிமாப் போர்க்காட்சிகளுக்கு வேண்டிய ஃபைபர் மார்புக்கவசமும் தோள்கவசமும் லாரியில் வந்து இறங்குவது இப்படிப்பட்ட வளாகங்களில்தான். 2010இல் வந்த 'எந்திரன்' படத்தின் இயந்திர உடைகளைச் செய்து கொடுத்தது அமெரிக்காவின் லெகசி எஃபெக்ட்ஸ். 'அயர்ன் மேன்' உடையைச் செய்தவர்களும் அவர்கள்தான்.

இரும்பும் ஃபைபரும் போக இந்த வட்டாரத்துக்கு இன்னொரு கவசமும் வருகிறது. பங்குனியில் தொடங்கி ஆடி வரை, காஞ்சிபுரம், செய்யாறு பக்கத்துக் கூத்துக் குழுக்கள் வேனில் ஏறித் திருவள்ளூர் மாவட்டத்து ஊர்களுக்கும் வரும். வேனில் மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியத்தோடு ஒரு பெட்டியும் இருக்கும். அதற்குள் துணி சுற்றிப் படுத்திருக்கும் புஜக்கட்டையின் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். துரியோதனனும் கர்ணனும் அர்ச்சுனனும் தோளில் கட்டிக்கொள்வது அதைத்தான்.

அது பிறப்பது வேலியோரத்தில். கல்யாண முருங்கையைக் கிராமத்தில் முள்முருங்கை என்றும் சொல்வார்கள். ஒரு கிளையை வெட்டி நட்டால் போதும், தழைத்துவிடும். வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர நடுவார்கள்; கல்யாணப் பந்தலில் அரசாணிக்காலோடு கட்டுவார்கள்; சளி பிடித்தால் இலையை அரிசியோடு அரைத்து அடை தட்டுவார்கள். கதவு, நிலை, கட்டில் என்று தச்சர்கள் எடுக்கிற வேலை எதற்கும் இந்த மரம் உதவாது. நகத்தால் கீறினால் பள்ளம் விழும். கட்டை வேலைக்காரருக்குப் பிடித்ததே அந்தக் குணம்தான். ஒரு ராத்திரி முழுக்க ஆடப்போகிறவனுடைய தோளில் ஏறும் பொருள் இது. தேக்கில் செய்தால் பார்க்க அழகாக இருக்கும், முதல் ஜாமம் முடிவதற்குள் ஆடுகிறவன் உட்கார்ந்துவிடுவான்.

உண்மையான கவசம் உடம்பைக் காக்கச் செய்வது. அதனால் கனம் அதற்குப் பலம். கூத்துக் கவசம் யாரையும் காக்க வேண்டியதில்லை. பகலில் வயல் வேலைக்கும் கூலி வேலைக்கும் போய் வந்த ஒரு மனிதனை, இருட்டில் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் அஸ்தினாபுரத்து அரசனாகத் தெரியவைப்பதுதான் அதன் வேலை. உருவம் பெருக வேண்டும், எடை பெருகக் கூடாது. செய்நேர்த்தி முழுவதும் இந்த ஒரு கணக்கில்தான் நிற்கிறது.

வெட்டிய மரத்தை உடனே செதுக்க மாட்டார்கள். பச்சை மரம் காயும்போது வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். நிழலில் உலரவிட வேண்டும். உலர்ந்த பிறகும் பூச்சி சீக்கிரம் துளைக்கிற மரம் இது. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன் பிறகு உளி இறங்கும். ஆசாரிகள் செய்வார்கள், கை பழகிய கூத்துக்காரர்கள் தாங்களே செதுக்கிக்கொள்வதும் உண்டு. புஜக்கட்டை தோளிலிருந்து வெளிப்பக்கமாக விரிந்து மேல்நோக்கி எழும். முன்பக்கம் கொடியும் பூவும் வளைவுமாக இருக்கும். பின்பக்கத்தை நாம் பார்ப்பதே இல்லை. வேலைக்காரரின் திறமை ஒளிந்திருப்பது அங்கேதான்: எவ்வளவு குடைந்து எடுக்கலாம், எந்த இடத்தில் உளியை நிறுத்த வேண்டும் என்ற தீர்மானம் அது. அதிகம் குடைந்தால் கட்டை ஆட்டத்தில் உடையும், குறைவாகக் குடைந்தால் தோள் தாங்காது.

செதுக்கியபின் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். பிறகு பசை, அதன்மேல் வண்ணம், தங்க நிற வெள்ளி நிற ஜிகினாத்தாள், மணிகள், சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள். அந்தக் கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் கவசம் உருவான காலத்தில் கூத்துக்கு வெளிச்சம் தீவட்டிதான். பின்னால் பெட்ரோமாக்ஸ் வந்தது. தீவட்டியின் சுடர் அசைந்துகொண்டே இருக்கும். அசையும் சுடர் அசையும் கண்ணாடியில் பட்டால், ஆடுகிறவன் திரும்பும் ஒவ்வொரு திருப்பத்திலும் தோளில் பொறி பறக்கும். தட்டையான பகல்வெளிச்சத்தில் பார்க்கிறவருக்கு அந்தக் கண்ணாடி மலிவான அலங்காரமாகத் தெரியலாம். அதை ஒட்டியவருக்கு இரவையும் நெருப்பையும் தெரியும். இன்றைய எல்.இ.டி. விளக்கு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அடிக்கிறது, கண்ணாடிக்குப் பாதி வேலை போய்விடுகிறது. மேடை போடுகிற ஊர்க்காரர்கள் ஒன்றிரண்டு விளக்கைக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும்.

புஜக்கட்டை தனியாகப் போவதில்லை. மார்பதக்கம், காதோரத்துக்குக் கர்ணபத்திரம், தலைக்கு முடி என்று அதற்கு உறவுகள் உண்டு. முடியிலும் கிரீடம் வேறு, சிகரேக் வேறு. எந்த வேடத்துக்கு எது என்று முறை இருக்கிறது. இவற்றையெல்லாம் கட்டி வருகிற வேடம்தான் கட்டை வேடம். இந்தக் கட்டைகளை வைத்தே கலையைக் கட்டைக்கூத்து என்று அழைப்பவர்களும் இருக்கிறார்கள்.

கூத்து அன்று சாயங்காலம் பெட்டி திறக்கும். அரிதாரம் பூச நேரம் பிடிக்கும். அதைப் பெரும்பாலும் நடிகரே கையில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துக்கொண்டு பூசிக்கொள்வார். துரியோதனனுக்குச் சிவப்பு. பிறகு துணி சுற்றி உடம்பைப் பருக்கவைத்து, பாவாடை கட்டி, கால் சலங்கை பூட்டி, கடைசியில்தான் கட்டை ஏறும். கண்ணில் ஒற்றிக்கொண்டு கட்டுவார்கள். நாடாவும் கயிறும் முதுகில் குறுக்கே இழுத்து முடிச்சுப் போடப்படும். அந்த முடிச்சைத் தானே போட்டுக்கொள்ள முடியாது, கூட ஒருவர் வேண்டும். தளர்வாகக் கட்டினால் கிறிக்கி என்ற வேகச் சுழற்சியில் கட்டை நழுவும். இறுக்கிவிட்டால் பாட மூச்சு வராது. கூத்தில் ஆடுகிறவரே பாடவும் வேண்டும் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த முடிச்சு எத்தனை நுட்பமானது என்று விளங்கும்.

பிறகு திரை. இரண்டு பேர் பிடித்திருக்கும் துணிக்குப் பின்னாலிருந்து முதலில் கிரீடத்தின் நுனி தெரியும், அப்புறம் புஜக்கட்டையின் ஓரம். ஆளைப் பார்க்கும் முன்பே ஊர் கவசத்தைப் பார்த்துவிடுகிறது. திரை விலகினால் வேகமாகச் சுற்றிச் சுற்றி வரும் ஆட்டம். இரவு தொடங்கினால் விடியும்வரை போகும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் வில்லிபாரதத்தைப் பிரசங்கியார் சொல்ல, இரவில் அதே கதை கூத்தாக வரும். பதினெட்டாம் போர் முடிந்த காலையில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தின்மேல், அவன் வீழ்வதை நடித்துக் காட்டும் படுகளம் நடக்கும்.

கூத்துகளில் எனக்கு நெஞ்சைப் பிடிப்பது 'கர்ண மோட்சம்'. பாரதக் கதையில் கவசத்தோடு பிறந்தவன் கர்ணன். பிராமண வேடத்தில் வந்த இந்திரன் கேட்டதும் அந்தக் கவசத்தை உடம்பிலிருந்து அறுத்துக் கொடுத்துவிட்டான். கவசம் இழந்தவனுடைய கதையைச் சொல்ல நடிகர் கவசம் பூண்டு வர வேண்டியிருக்கிறது. அவன் போர்க்களத்துக்குப் புறப்படும் முன் மனைவி பொன்னுருவியோடு நடக்கும் தர்க்கத்தில் ஊரே கண் கலங்கும்.

விடிந்தபின் கட்டையைக் கழற்றினால் பின்பக்கம் வேர்வையில் ஊறியிருக்கும். நன்றாகக் காயவைத்துத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு பருவம் முடிவதற்குள் நாலு கண்ணாடி உதிரும், ஜிகினா கிழியும், விளிம்பு ஒன்று சிதறும். மழைக்காலத்தில் கூத்து குறைவு. அப்போது பசையும் தூரிகையுமாக உட்கார்ந்து பழுது பார்ப்பார்கள். அப்பா கட்டிய கட்டையைப் பிள்ளை கட்டுகிறான். அடியில் மரம் பழையது, மேலே பூச்சு புதியது.

அதனால்தான் ஃபைபர் கட்டையை என்னால் முழு மனதோடு வரவேற்க முடியவில்லை. பூச்சி அரிக்காது, அச்சு இருந்தால் ஒரே மாதிரி பத்து எடுக்கலாம், எல்லாம் சரிதான். பூந்தமல்லி சாலை வண்டிப் பட்டறைகளில் பார்க்கிற அதே ரெசின், அதே பட்டி, அதே பிரைமர், அதே ஸ்பிரே வேலைதான் அது. தேய்க்கும்போது பறக்கும் தூள் தோலையும் மூச்சையும் அரிக்கும். விரிசல் விட்டால் பட்டறைக்குத்தான் கொண்டு போக வேண்டும். மரக்கட்டையை அதைக் கட்டுகிறவரே ஊரில் உட்கார்ந்து சரிசெய்துகொள்வார். தன் கவசத்தைத் தானே பழுதுபார்க்கத் தெரிந்த நடிகர் இந்தக் கலைக்குப் பெரிய செல்வம். கேரளத்தில் கதகளிக்குக் குமிழ மரத்தில் கிரீடம் செதுக்கும் வேலையை இன்றும் தனித்தொழிலாக மதிக்கிறார்கள். கல்யாண முருங்கையில் செதுக்குகிறவருக்கும் அந்த மதிப்பு வர வேண்டும்.

கட்டையைக் காப்பாற்றியவர்கள் கலையைக் காப்பாற்றியவர்கள்தான். செய்யாறு அருகே புரிசையில் கண்ணப்ப தம்பிரானின் பரம்பரை தலைமுறைகளாகக் கூத்தாடி வருகிறது. சென்னையில் 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி அவரிடமிருந்து பெற்றது ஏராளம். காஞ்சிபுரத்தில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் முன்னின்று 1990இல் அமைத்த கட்டைக்கூத்துச் சங்கம், புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் நடத்திப் பிள்ளைகளுக்குப் படிப்போடு கூத்தையும் சொல்லிக்கொடுத்தது. அங்கே பெண் பிள்ளைகளும் கட்டை கட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக ஆண்கள் தோளில் மட்டுமே ஏறிய புஜக்கட்டையின் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய திருப்பம் இல்லை என்பேன்.

அடுத்த பங்குனியிலோ சித்திரையிலோ உங்கள் பக்கத்தில் பாரதம் நடக்கிறது என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தால் போய் உட்காருங்கள். பத்து மணிக்கு எழுந்து வந்துவிடாதீர்கள். கர்ணன் வருவது பின்னிரவில்தான். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். விடிந்ததும் கலைஞர்கள் கட்டையைக் கழற்றும் இடத்துக்குப் போய், செய்தது யார் என்று கேளுங்கள், தட்டில் கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள்.