நாய் வளர்ப்பு: தத்தெடுப்பு முதல் தடுப்பூசி வரை உரிமையாளரின் கடமைகள் என்ன?

புது தில்லி: தெருநாயைத் தத்தெடுப்பவர் அது மீண்டும் தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தெருநாய்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவில் இந்த நிபந்தனை இடம்பெற்றது.

தில்லியிலும் அதன் சுற்றுப்பகுதிகளிலும் பிடிக்கப்படும் நாய்களைக் காப்பகங்களிலேயே வைத்திருக்க வேண்டும் என்று அதே மாதம் 11-ஆம் தேதி இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டிருந்தது. அதனை மூன்று நீதிபதிகள் அமர்வு மாற்றியமைத்தது. கருத்தடை செய்து, தடுப்பூசி செலுத்திய நாய்களைப் பிடித்த பகுதியிலேயே விட வேண்டும் என்றது. ரேபிஸ் நோய் கண்ட அல்லது இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் நாய்களுக்கும், மூர்க்க குணமுள்ள நாய்களுக்கும் இது பொருந்தாது. விருப்பமுள்ளோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கவும் அனுமதி வழங்கப்பட்டது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கப்படும் நாய்களை மீண்டும் அங்கேயே விடக்கூடாது என்று 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் மேலும் உத்தரவிட்டது.

தெருநாய், வீட்டுநாய் என இரு வேறு உலகங்கள் இருப்பதாகத் தோன்றலாம். ஆனால், கைவிடப்படும் வளர்ப்பு நாயே நாளைய தெருநாய். கருத்தடை செய்யப்படாத வளர்ப்பு நாயின் குட்டிகளும் பல நேரங்களில் தெருவையே அடைகின்றன. ஆகவே, வீட்டில் வளரும் ஒவ்வொரு நாயின் தடுப்பூசியும் கருத்தடையும் பராமரிப்பும் அந்தக் குடும்பத்தோடு நின்றுவிடும் விஷயமல்ல. ஊரின் பொதுச் சுகாதாரத்தோடு சேர்ந்தவை.

தத்தெடுக்கும் முன்

நாயின் ஆயுள் இனத்தைப் பொறுத்துச் சுமார் 10 முதல் 15 ஆண்டுகள் வரை இருக்கும். இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளை வேலைக்குச் செல்லும் காலம்வரை அந்த நாய் வீட்டில் இருக்கும். பணியிட மாற்றம், வாடகை வீடு, முதியோர் உடல்நலம், வெளியூர்ப் பயணத்தின்போது நாயைக் கவனிக்கப் போகிறவர் ஆகியவற்றைக் குடும்பத்தினர் அனைவரும் கலந்து பேசிய பிறகே முடிவெடுக்க வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்காக வாங்கினாலும், பொறுப்பு வீட்டிலுள்ள பெரியவர்களுடையதே.

தட்பவெப்பமும் முக்கியம். அடர்ந்த ரோமம் கொண்ட சைபீரியன் ஹஸ்கி போன்ற குளிர்ப்பிரதேச இனங்கள் இந்தியக் கோடையில் அவதிப்படும். பக் போன்ற தட்டையான முகம் கொண்ட இனங்களுக்கு வெப்பத்தில் மூச்சுத்திணறல் எளிதில் ஏற்படும். நாட்டு நாய்கள் இந்நாட்டுச் சூழலுக்குப் பழகியவை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஹவுண்ட் உள்ளிட்ட இந்திய இனங்களை வளர்க்குமாறு பிரதமர் நரேந்திர மோடி 2020 ஆகஸ்ட் 30 அன்று தமது 'மனதின் குரல்' உரையில் கேட்டுக்கொண்டார். எனினும், வேட்டைக்கெனப் பழக்கப்படுத்தப்பட்ட இந்த இனங்களுக்கு ஓடுவதற்கு இடமும் நாள்தோறும் கடும் உடற்பயிற்சியும் தேவை.

காப்பகத்திலிருந்து தத்தெடுப்போருக்கு ஓர் அனுகூலம் உண்டு. வளர்ந்த நாயின் அளவும் குணமும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். குழந்தைகளிடமும் பிற விலங்குகளிடமும் அது எப்படி நடந்துகொள்கிறது, இதுவரை எந்தெந்தத் தடுப்பூசிகள் செலுத்தப்பட்டுள்ளன, கருத்தடை ஆகிவிட்டதா, பழைய நோயோ காயமோ உண்டா என்பவற்றைக் காப்பக ஊழியர்களிடம் கேட்டறிய வேண்டும். மருத்துவப் பதிவுகளின் நகலையும் பெற்றுக்கொள்ள வேண்டும். காப்பகங்கள் அடையாள ஆவணம் கேட்பதும், வீட்டை நேரில் பார்வையிடுவதும், உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பம் பெறுவதும் நாயின் நலன் கருதியே.

விலை கொடுத்து வாங்குவோரும் கவனமாக இருக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. தாய் நாயைக் காட்ட மறுப்பவரிடம் குட்டி வாங்காமல் இருப்பதே நல்லது.

முதல் மூன்று மாதங்கள்

புதிய வீட்டுக்கு வந்த நாய் முதல் சில நாள்கள் ஒதுங்கியே இருக்கலாம். சரியாக உண்ணாமலும் இருக்கலாம். வீட்டின் நடைமுறைகளைப் புரிந்துகொள்ள ஏறத்தாழ மூன்று வாரங்களும், முழுமையாக நம்பிப் பழக மூன்று மாதங்களும் ஆகலாம் என்பது தத்தெடுப்புப் பணியில் இருப்போர் பொதுவாகக் கூறும் கணக்கு. இக்காலத்தில் விருந்தினரை அழைத்து வந்து காட்டுவதையும், உண்ணும்போதும் உறங்கும்போதும் அதனைத் தொடுவதையும் தவிர்க்க வேண்டும். சிறு குழந்தையையும் நாயையும் பெரியவர் துணையின்றித் தனியே விடக் கூடாது. தவறு செய்தால் அடிப்பது அச்சத்தை மட்டுமே வளர்க்கும். அச்சம் கொண்ட நாயே பெரும்பாலும் கடிக்கிறது. சரியாக நடந்துகொள்ளும்போது உடனே பாராட்டி, சிறு தின்பண்டம் கொடுத்துப் பழக்குவதே பயனளிக்கும்.

தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும்

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி தொடங்குகிறது. டிஸ்டெம்பர், பார்வோ வைரஸ், கல்லீரல் அழற்சி ஆகியவற்றிலிருந்து காக்கும் இந்தக் கூட்டுத் தடுப்பூசியை 3 முதல் 4 வார இடைவெளியில், 16 வார வயதுவரை தொடர வேண்டும். தாய்ப்பால் வழி கிடைத்த நோய் எதிர்ப்பாற்றல் குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசி முழுமையாக வேலை செய்யாது என்பதால்தான் ஒரே ஊசியோடு நிறுத்துவதில்லை. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கும் தடுப்பூசி உண்டு. இந்நோய் மனிதரையும் தாக்கும் என்பதால் மழைக்காலத்துக்கு முன் அதனைச் செலுத்துவது அவசியம்.

ரேபிஸ் தடுப்பூசி சுமார் மூன்று மாத வயதில் செலுத்தப்படுகிறது. அதன்பின் கால்நடை மருத்துவர் குறிக்கும் நாளில் மறு ஊசியும், தொடர்ந்து ஆண்டுதோறும் ஊக்க ஊசியும் தவறாமல் செலுத்த வேண்டும். வீட்டை விட்டு வெளியே செல்லாத நாய்க்கும் இது பொருந்தும். தடுப்பூசிச் சான்று அட்டையைப் பத்திரப்படுத்துவது நல்லது. உரிமம் பெறவும் பயணத்துக்கும் அது தேவைப்படும்.

குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலிருந்தே குடற்புழு நீக்க மருந்து தொடங்கலாம். வளர்ந்த நாய்க்குப் பொதுவாக மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அளிக்கப்படுகிறது. எடைக்கேற்ப அளவு மாறுவதால் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

நாய் கடித்தால் செய்ய வேண்டியது

ரேபிஸ் நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது ஏறத்தாழ இயலாது. ஆனால் உரிய நேரத்தில் சிகிச்சை பெற்றால் அந்நோயை முற்றிலும் தடுத்துவிடலாம். மனிதருக்கு ஏற்படும் ரேபிஸ் பாதிப்புகளில் 99 விழுக்காடு வரை நாய்களாலேயே பரவுகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நாய்கள் வழிப் பரவும் ரேபிஸை 2030-க்குள் ஒழிப்பதற்கான தேசியச் செயல்திட்டத்தை மத்திய அரசு 2021 செப்டம்பர் 28 அன்று, உலக ரேபிஸ் தினத்தில் வெளியிட்டது.

கடிபட்டவுடன் காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். பின்னர் கிருமிநாசினி தடவலாம். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு போன்றவற்றைத் தடவக் கூடாது. தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தோலின் அடுக்கில் செலுத்தப்படும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாள்களிலும், தசையில் செலுத்தப்படும் முறையில் 0, 3, 7, 14, 28-ஆம் நாள்களிலும் தடுப்பூசி போடப்படுகிறது. இரத்தம் கசியும் ஆழமான காயமாயின், ரேபிஸ் இம்யூனோகுளோபுலின் மருந்தும் காயத்தைச் சுற்றிச் செலுத்தப்படும். கடித்த நாயைப் பத்து நாள்கள் கண்காணிக்கலாம். ஆனால், அதற்காகக் காத்திருந்து சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. கடித்தது வீட்டில் வளரும் குட்டியே ஆனாலும், மருத்துவரிடம் காட்டிய பிறகே முடிவெடுக்க வேண்டும்.

கருத்தடை ஏன்?

நாயின் கர்ப்பகாலம் சுமார் 63 நாள்கள் மட்டுமே. ஓர் ஈற்றில் பல குட்டிகள் பிறக்கும். அத்தனை குட்டிகளுக்கும் நல்ல வீடு தேடித் தருவது எளிதன்று. கருத்தடை செய்யப்பட்ட பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் கோக்கும் ஆபத்தான நோய் வருவதில்லை. இளவயதிலேயே செய்தால் மார்புக்கட்டிகள் தோன்றும் வாய்ப்பும் குறைகிறது. ஆண் நாய்க்கு விதைப்பைப் புற்றுநோய் வராது. இணை தேடி வீட்டைவிட்டு ஓடுவதும் குறையும். எந்த வயதில் செய்வது என்பதை இனம், எடை, உடல்நிலை பார்த்துக் கால்நடை மருத்துவர் முடிவு செய்வார்.

உணவும் அன்றாட உடல்நலமும்

பால்சோறும் தயிர்ச்சோறும் மட்டுமே கொடுத்து வளர்த்தால் நாய்க்குப் போதிய புரதம் கிடைக்காது. உப்பும் காரமும் சேர்க்காத இறைச்சி அல்லது முட்டையுடன் சோறும் வேகவைத்த காய்கறியும் கலந்து கொடுக்கலாம். வயதுக்கேற்ற தயார்நிலை உணவையும் அளிக்கலாம். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, இனிப்பூட்டியான சைலிட்டால் ஆகியவை நாய்க்கு நஞ்சாகும். சமைத்த எலும்பு சிதறிக் குடலைக் கிழிக்கக்கூடும். மனிதருக்கான பாரசிட்டமால், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைத் தாமாகக் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

உண்ணிக் காய்ச்சல் இந்தியாவில் நாய்களிடம் அதிகம் காணப்படும் நோய்களுள் ஒன்று. உண்ணி கடிப்பதால் பரவும் கிருமிகள் இரத்த அணுக்களைத் தாக்குகின்றன. காய்ச்சல், பசியின்மை, வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தக் கசிவு ஆகியவை இதன் அறிகுறிகள். காது மடல், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி ஆகியவற்றை நாள்தோறும் பார்வையிட வேண்டும்.

கோடையில் அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகுமே நடைப்பயிற்சிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். புறங்கையைச் சாலையில் வைத்துச் சில விநாடிகள் பொறுக்க முடியாவிட்டால், நாயின் பாதமும் அந்தச் சூட்டைத் தாங்காது. நிறுத்திய காருக்குள் சிறிது நேரம்கூட நாயைப் பூட்டி வைக்கக் கூடாது. பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு ஓடித் தொலையும் நாய்கள் பல என்பதால், தீபாவளி நாள்களில் அறைக்குள் வைத்திருப்பதும், உரிமையாளரின் தொலைபேசி எண் பொறித்த வில்லையைக் கழுத்துப்பட்டையில் மாட்டுவதும் அவசியம்.

உரிமமும் அண்டை வீட்டாரும்

தில்லி, சென்னை உள்ளிட்ட மாநகராட்சிகளில் வளர்ப்பு நாயைப் பதிவு செய்வது கட்டாயம். கட்டணமும் நடைமுறையும் ஊருக்கு ஊர் மாறுபடும் என்பதால் அந்தந்த உள்ளாட்சி அமைப்பின் இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள், பெரும்பான்மைத் தீர்மானம் நிறைவேற்றியும்கூட, நாய் வளர்ப்பதற்குத் தடை விதிக்க இயலாது என்று இந்திய விலங்கு நல வாரியத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. அதேவேளையில், பொது இடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்வதும், கழிவை அகற்றுவதும், இரவில் இடைவிடாமல் குரைக்காமல் பார்த்துக்கொள்வதும் உரிமையாளரின் கடமை.

சட்டம் சொல்வது

1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டவர், மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்த ருக்மிணி தேவி அருண்டேல். இச்சட்டத்தின்படி 1962-இல் அமைக்கப்பட்ட விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. போதிய உணவும் நீரும் உறைவிடமும் தராமல் இருப்பதும், மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியே வைக்கும் நாய்க்கு உடற்பயிற்சி தராமல் விடுவதும், பசிதாகத்தால் வாட நேரிடும் வகையில் கைவிடுவதும் இதன் 11-ஆவது பிரிவின்படி குற்றங்கள். முதல் குற்றத்துக்கான அபராதம் இன்றும் 10 முதல் 50 ரூபாய் மட்டுமே. இத்தொகையை உயர்த்த வேண்டும் என்று விலங்கு நல அமைப்புகள் நீண்டகாலமாகக் கோரி வருகின்றன.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவு, விலங்கைக் கொல்வோருக்கும் ஊனப்படுத்துவோருக்கும் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. தம் விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் தடுக்கத் தவறும் உரிமையாளருக்கு, 291-ஆவது பிரிவின்படி ஆறு மாதங்கள் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

வளர்க்க இயலாத நிலை வந்தால்

நோய், வேலையிழப்பு, இடமாற்றம் போன்ற காரணங்களால் நாயைத் தொடர்ந்து வளர்க்க முடியாமல் போகலாம். அப்போது முதலில் உறவினர், நண்பர்களிடமும், பிறகு தத்தெடுத்த காப்பகத்திடமும் தெரிவிக்க வேண்டும். புதிய வீடு கிடைக்கும்வரை நாய் தற்போதைய உரிமையாளரின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும். மருத்துவப் பதிவுகள், உணவுப் பழக்கம், அச்சங்கள் ஆகியவற்றை ஒளிக்காமல் புதியவரிடம் எழுதிக் கொடுத்தால், நாய் மீண்டும் கைவிடப்படும் வாய்ப்பு குறையும்.

வீட்டில் வளர்ந்த நாய்க்கு இரை தேடவும், வாகனங்களைத் தவிர்க்கவும், பிற நாய்களிடமிருந்து தப்பவும் தெரியாது. அதனைத் தெருவில் விடுவது விடுதலை அளிப்பதாகாது. நாயை வீட்டுக்கு அழைத்து வரும் நாளிலேயே, நம்மால் இயலாமல் போனால் யார் கவனிப்பார்கள் என்ற கேள்விக்கும் விடை கண்டு வைத்திருப்பதே பொறுப்பான வளர்ப்பின் தொடக்கம்.