நாலு நாள் இடைவெளியில் ரெண்டு சாவு

போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் குடைந்துகொண்டிருந்தபோது ஒரு போட்டோ மாட்டியது. காரின் பானெட்டுக்கு அடியில் பளபளவென்று ஒரு சின்ன அலுமினியத் துண்டு. அவ்வளவுதான் படம். பக்கத்தில் நின்ற தங்கமணி "இதையெல்லாமா எடுத்து வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டுட்டுப் போயாச்சு. அவருக்குச் சொல்ல முடியாத கதையை உங்களிடம் சொல்லலாம் என்று இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி எடுத்துட்டு வந்து உட்காருங்க மக்களே.

2008 ஆரம்பத்தில் நான் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஆணி புடுங்கிக்கொண்டிருந்தேன். வாடகைக் கார், நாலு பேருக்கு ஒரு வீடு, வாரக் கடைசியில் துணி துவைப்பது, இதுதான் வாழ்க்கை. கூட இருந்த நண்பனுக்குக் கார் பைத்தியம். ஹண்டிங்டன் பீச்சில், ஆடம்ஸ் அவென்யூவில் ஒரு டோனட் கடை. சனிக்கிழமை விடிகாலையில் அதன் வாசலில் பழைய கார்க்காரர்கள் கூடுவார்கள். 1980-களிலிருந்து நடக்கும் கூட்டம். தலைவர் கிடையாது, டிக்கெட் கிடையாது. பொழுது விடிவதற்குள் வந்து, கையில் காபியோடு அடுத்தவன் காரைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்பது மணிவாக்கில் கலைந்துவிடுவார்கள். நண்பன் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பி இழுத்துக்கொண்டு போவான். நான் டோனட்டுக்காகத்தான் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன் :-)

2008 மார்ச் 1 சனிக்கிழமை அங்கே போனபோது ஏதோ எழவு வீட்டு வாசல் மாதிரி இருந்தது. மூன்று நாள் முன்னால், பிப்ரவரி 27-ந் தேதி, பாய்ட் காடிங்டன் இறந்துபோயிருந்தார். வயது 63.

யார் இந்த ஆள்னு கேட்பவர்களுக்காக, கொஞ்சம் பின்னாடி போயிட்டு வரலாம்.

ஹாட் ராட் என்பது ஏழைப் பையன்களின் கண்டுபிடிப்பு. லாஸ் ஏஞ்சலீஸுக்கு வடக்கே பாலைவனத்தில் மியூராக், எல் மிராஜ் என்று வறண்ட ஏரிகள் இருக்கின்றன. தண்ணீர் வற்றி, காய்ந்த மண் சிமென்ட் தரை மாதிரி இறுகிக் கிடக்கும் இடங்கள். 1930-களில் காயலான் கடை விலைக்குக் கிடைத்த பழைய ஃபோர்டுகளை வாங்கி, மட்கார்டைக் கழற்றி, கூரையைக் கழற்றி, எடையைக் குறைத்து, இன்ஜினை நோண்டி, அங்கே கொண்டுபோய் வேகம் பார்த்தார்கள். 1932-ல் ஃபோர்டு கம்பெனி V8 இன்ஜினைச் சாமானியன் வாங்கும் விலையில் கொண்டுவந்தது. 65 குதிரைத் திறன். இன்றைக்கு நம்ம ஊர் சின்னக் கார்களிலேயே அதைவிட அதிகம் உண்டு. ஆனால் அன்றைக்கு அது பெரிய விஷயம். அதனால்தான் '32 ஃபோர்டு இன்றுவரை ஹாட் ராட்காரர்களின் குலதெய்வம்.

போர் முடிந்தது. ராணுவத்திலிருந்து திரும்பிய பையன்களுக்கு மெக்கானிக் வேலை அத்துப்படி. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' பத்திரிகை வந்தது. 1950 முதல் ஓக்லாண்டு கண்காட்சியில் 'அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர்' என்று பரிசு கொடுக்க ஆரம்பித்தார்கள். கோப்பை ஒன்பது அடி உயரம். பரிசு வாங்குகிறவரை அதன் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தால் ஆளைத் தேட வேண்டியிருக்கும். வேகத்துக்காகப் பிறந்த கார் இப்படித்தான் மெல்ல மெல்ல அழகுக்கான காராக மாறியது.

இந்தக் கதையில் தெற்குக் கலிஃபோர்னியாவுக்கு ஏன் இத்தனை பங்கு? வெயில் ஒரு காரணம், மழையில்லாததால் பழைய காரின் தகடு துருப்பிடிக்காது. இன்னொரு காரணம் விமானத் தொழிற்சாலைகள். லாங் பீச்சிலும் டௌனியிலும் ஆயிரக்கணக்கில் லேத், மில்லிங் மிஷின், அதை ஓட்டத் தெரிந்த கைகள். பகலில் விமானத்துக்குப் பாகம் கடைந்தவன் ராத்திரி தன் காருக்குக் கடைந்தான்.

காடிங்டன் அந்த ஊர்க்காரர் இல்லை. ஐடஹோ மாநிலத்தில் ரூப்பர்ட் என்ற சின்ன ஊரில் 1944-ல் பிறந்தவர். கார் பத்திரிகைகளைப் படித்தே வளர்ந்து, 13 வயதில் ஒரு 1931 ஷெவர்லே டிரக்குக்குச் சொந்தக்காரர் ஆனார். லேத் வேலை முறையாகக் கற்றுக்கொண்டு, 1968-ல் கலிஃபோர்னியா வந்து, டிஸ்னிலேண்டில் மெஷினிஸ்டாகச் சேர்ந்தார். ராத்திரி ஷிஃப்ட்டில் அங்கே வேலை, பகலில் வீட்டு ஷெட்டில் ஹாட் ராட். 1970-களின் கடைசியில் சொந்தப் பட்டறை.

அவருடைய கார்களை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடலாம். கைப்பிடி இருக்காது, கீல் வெளியே தெரியாது, குரோம் அலங்காரம் இருக்காது, சோப்புக்கட்டியைத் தண்ணீரில் நனைத்து எடுத்த மாதிரி வழவழவென்று இருக்கும். கூடவே அலுமினியப் பாகங்கள். வழக்கமாக இந்தப் பாகங்களை வார்த்து எடுப்பார்கள். இவர் பட்டறையில் முழு அலுமினியக் கட்டியை மிஷினில் மாட்டி, வேண்டாததைச் செதுக்கித் தள்ளினார்கள். பஞ்சலோக வார்ப்புக்கும் கற்சிலைக்கும் உள்ள வித்தியாசம்தான். கட்டியில் பாதிக்கு மேல் சுருள் சுருளாகக் குப்பைக்குப் போகும். நேரம் தின்னும், காசு தின்னும். ஆனால் மிச்சமிருப்பது கத்தி மாதிரி கூர்மையாக, நகை மாதிரி இருக்கும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பில்லட்'. காடிங்டன் இதே முறையில் வீல் செய்து, 1980-களின் கடைசியில் அதற்கென்று தனிக் கம்பெனியே தொடங்கினார். அதற்கப்புறம் நாடு முழுக்க அந்த வீல்தான்.

1982-ல் அவர் கட்டிய '33 ரோட்ஸ்டருக்கு அந்த ஒன்பது அடிக் கோப்பை கிடைத்தது. பட்டியலில் இருப்பது காரின் சொந்தக்காரர் ஜேமி மஸல்மன் பெயர். 1989-ல் ZZ டாப் இசைக்குழுவின் தாடிக்காரர் பில்லி கிப்பன்ஸுக்காக ஒரு 1948 காடிலாக்கை எடுத்து 'காட்ஸில்லா' செய்தார்கள். நீளமாக, தாழ்வாக, இருட்டில் பார்த்தால் பயம் வருகிற மாதிரி ஒரு வண்டி. என்னைக் கேட்டால் காடிங்டன் பெயரில் வந்த கார்களிலேயே இதுதான் டாப். ஆனால் படம் வரைந்தது லாரி எரிக்சன் என்ற ஜெனரல் மோட்டார்ஸ் டிசைனர். டிங்கரிங் வேலையில் தகட்டைத் தட்டித்தட்டி அந்த வளைவுகளைக் கொண்டுவந்தது கிரேக் நாஃப். காடிங்டன் என்ன செய்தார்? ஆளைப் பிடித்தார், ஒருங்கிணைத்தார், கடைசி வரை விடாமல் நின்றார். அதுவும் ஒரு வேலைதானே என்று ஒரு மனசு சொல்கிறது. கோடு எழுதினவன் ஒருத்தன், கிளையன்ட் முன்னாடி நின்று கைதட்டு வாங்குகிறவர் இன்னொருத்தர் என்று பத்து வருஷம் பார்த்த இன்னொரு மனசு வேற ஏதோ சொல்கிறது. இந்தப் பஞ்சாயத்து எனக்கு இன்னும் முடியவில்லை.

1998-ல் வீல் கம்பெனி திவாலானது. அவரிடம் வளர்ந்த சிப் ஃபூஸ் தனியே போனார். பின்னாளில் டிவியில் இருவருக்கும் ஆளுக்கொரு நிகழ்ச்சி. 2004-ல் தொடங்கிய 'அமெரிக்கன் ஹாட் ராட்'டில், ஹவாய்ச் சட்டை போட்டுக்கொண்டு, கெடு தப்பிப்போன வேலைக்காரர்களிடம் கத்துகிற பெரியவராகத்தான் உலகத்துக்குக் காடிங்டனைத் தெரியும். நானும் அதை அறையில் உட்கார்ந்து பார்த்து, 'நம்ம டேமேஜர் மாதிரியே இருக்கான்யா' என்று சிரித்தவன்தான்.

கார்க்காரர்களுக்கு இன்னொரு கோபமும் இருந்தது. ஹாட் ராட் என்றால் கையில் காசில்லாதவன், கிடைத்ததை வைத்துக் கட்டுவது. அதைக் காடிங்டன் லட்சக்கணக்கான டாலர் போட்டு வாங்கி, மூடிய வண்டியில் ஏற்றிக் கண்காட்சிக்கு அனுப்புகிற பொருளாக்கிவிட்டார் என்று குற்றச்சாட்டு. 1990-களில் இதற்கு எதிர்ப்பாகவே ஒரு கூட்டம் கிளம்பியது. பெயின்ட் அடிக்காமல், பிரைமரோடு, துருவோடு ஓட்டுவது. 'எலி ராட்' என்று பெயர். அவர்களுக்குப் பில்லட் என்பது கெட்ட வார்த்தை.

அந்த மார்ச் 1 காலையில் நான் பார்த்தது இதுதான். முந்தின வாரம் வரைக்கும் அந்த மனிதரைக் கிழித்துத் தோரணம் கட்டியவர்கள் எல்லாம் காபிக் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சில்லாமல் நின்றார்கள். ஒரு துருப்பிடித்த ஃபோர்டுக்காரர், தான் முதன்முதலில் பார்த்த ஹாட் ராட் பத்திரிகை அட்டையில் இருந்தது பாய்ட் காடிங்டனின் கார்தான் என்று மெதுவாகச் சொன்னார். இன்னொருவர், அவரிடம் சில மாதம் வேலை பார்த்து சண்டை போட்டுக்கொண்டு வந்ததாகவும், அங்கே கற்றதை வைத்துத்தான் இன்றுவரை சாப்பிடுவதாகவும் சொன்னார். செத்தவனைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்கிற மரியாதை மட்டும் இல்லை அது. திட்டுவதற்காவது ஒரு ஆள் இருந்தார், இப்போது அதுவும் போச்சு என்கிற மாதிரி இருந்தது.

கூட்டத்தில் ஒரு பெரியவர் உண்டு. எழுபதைத் தாண்டியவர், விமானக் கம்பெனியில் லேத் ஓட்டி ரிடையர் ஆனவர். '29 ஃபோர்டு வைத்திருந்தார். எங்கள் இரண்டு பேரையும் பிள்ளைகளாகப் பாவித்துப் பொறுமையாக விளக்குவார். அன்றைக்கு அவர் காடிங்டனைப் பற்றி எதுவும் பேசவில்லை. லில் ஜான் எப்படி இருக்கிறாரோ என்று மட்டும் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். யார் அந்த லில் ஜான் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள், மார்ச் 2, ஜான் பட்டெரா இறந்துபோனார்.

'லில் ஜான்' பட்டெரா விஸ்கான்சின் மாநிலம் கெனோஷாவில் வளர்ந்தவர். 1960-களின் கடைசியில் மிக்கி தாம்ப்ஸனின் பந்தயக் கார்களைக் கட்டுவதற்காகத் தெற்குக் கலிஃபோர்னியா வந்தார். கால் மைல் தூரத்தை சில விநாடிகளில் கடக்கும் ஃபன்னி கார்களுக்குச் சேஸிஸ் கட்டுவதில் பெரிய கை. அந்த வேலையில் மில்லிமீட்டர் தப்பினாலும் உயிர் போகும். அந்தக் கணக்கையும் கையையும் 1970-களின் நடுவில் ஒரு 1926 மாடல் டி செடான் மேல் திருப்பினார். பார்க்கத் தாத்தா காலத்துப் பெட்டி. அடியில் நாலு வீலுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். பழைய ஃபோர்டு என்றால் தடதடவென்று முதுகை உடைக்கும் என்ற விதியையே அது மாற்றியது. அடுத்து ஒரு '29 ரோட்ஸ்டர். அதில் கடையில் வாங்கிப் போட்டிருக்கக்கூடிய சின்னச் சின்னப் பாகங்களைக்கூட அலுமினியக் கட்டியிலிருந்து தானே கடைந்து போட்டார்.

ஆமாம், அதே பில்லட்தான். காடிங்டன் பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்த முறையில் முன்னோடி பட்டெரா. இருவரும் ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள், அந்தக் காலத்தில் சேர்ந்தும் வேலை செய்தவர்கள். ஒருவர் மிஷின் முன்னால் நின்று தன் திருப்திக்குச் செதுக்கினார். மற்றவர் அதில் வியாபாரம் இருப்பதைக் கண்டு, கம்பெனி ஆக்கி, ஊருக்கெல்லாம் கொண்டுபோனார், திவாலாகி மறுபடி எழுந்தார். திருட்டு என்று சொல்ல மாட்டேன். காடிங்டன் இல்லாவிட்டால் பில்லட் என்பது நாலு பேர் மட்டும் அறிந்த வித்தையாக இருந்திருக்கும். பட்டெரா இல்லாவிட்டால்? காடிங்டன் வேறு எதையாவது கண்டுபிடித்திருப்பார் என்று என் நண்பன் சொல்வான். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

மார்ச் 8 சனிக்கிழமை மறுபடி போனோம். இளவட்டங்கள் இன்னமும் காடிங்டன் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், டிவி நிகழ்ச்சி என்ன ஆகும், கட்டி முடிக்காத கார்கள் யார் கைக்குப் போகும் என்று. பட்டெரா செய்தி கிழவர்கள் மத்தியில் மட்டும் ஓடியது. நம்ம பெரியவர் ஓரமாகத் தன் '29-ன் அருகே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் போய் லில் ஜான் யார் என்று கேட்டேன்.

பதில் சொல்லவில்லை. எழுந்து பானெட்டைத் திறந்தார். கார்புரேட்டர் பக்கத்தில், ஆக்ஸிலேட்டர் கம்பியைப் பிடித்திருக்கும் ஒரு துண்டு. கட்டைவிரல் நீளம் இருக்கும். அலுமினியம். 1970-களில் பத்திரிகையில் பட்டெராவின் காரைப் பார்த்துவிட்டு, கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்த பிறகு மில்லிங் மிஷினில் உட்கார்ந்து, மூன்று முறை கெடுத்து, நாலாவது முறை சரியாக வந்ததாம். முப்பது வருஷமாக அதைக் கழற்றவே இல்லையாம். தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஓரங்கள் எல்லாம் அவ்வளவு மழமழப்பு.

போட்டோ எடுத்துக்கட்டுமா என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து துணி எடுத்து அதை ஒருமுறை துடைத்துவிட்டு, நகர்ந்து நின்றுகொண்டார்.