‘நிரல்’ என்னும் சொல்லும் ஒரு பழைய மின்வழங்கியும்

1976ஆம் ஆண்டு பிப்ரவரியில் இடுக்கி நீர்மின் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் ஐ.டி.ஐ. என்னும் இந்தியத் தொலைபேசித் தொழிலகத்தின் ஆலையும் நிறுவப்பட்டது. முன்னது மெகாவாட்டுகளின் கதை: மூலமட்டம் நிலத்தடி நிலையத்தில் தலா 130 மெகாவாட் திறனுள்ள இயந்திரங்கள் முதலில் மூன்று, பின்னர் மேலும் மூன்று. பின்னதோ சில வோல்ட்டுகளின் கதை. தொலைபேசி இணைப்பகம் 48 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்குவது. அதனுள் இருந்த இலக்கச் சுற்றுகளுக்கு 5 வோல்ட் போதும். மலையிலிருந்து வரும் மாறுமின்சாரத்தை இப்படிச் சில வோல்ட்டுகளாக அளந்து தரும் பெட்டிதான் மேசை மின்வழங்கி. மின்னணுக் கூடங்களில் அது இல்லாத மேசை இல்லை. அணைகளுக்கு வரலாற்று நூல்கள் உண்டு. இந்தப் பெட்டிக்கு இல்லை.

மொழியியல் படித்தவனுக்கு அதில் என்ன அக்கறை எனக் கேட்கலாம். அதன் பெயரடைதான் காரணம். ‘புரோகிராமபிள்’, அதாவது ‘நிரல்படுத்தத்தக்க’ என்ற அடைமொழி, கணிப்பொறி மேசைக்கு வருமுன்பே இக்கருவிகளுக்கு வழங்கியது. அன்று அதற்குப் பொருள் வேறு. ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஹாரிசன் ஆய்வகத்தை வாங்கி மின்வழங்கித் தொழிலில் நுழைந்தது. அக்காலக் கருவிகளின் முதுகில் ஒரு திருகுமுனைப் பட்டை இருக்கும். அதில் ஒரு மின்தடையை இணைத்தால் அதன் அளவே வெளியீட்டு வோல்ட்டைத் தீர்மானிக்கும். பல மாதிரிகளில் வோல்ட்டுக்கு 200 ஓம். 2,000 ஓம் வைத்தால் 10 வோல்ட். அதுவே ‘நிரல்’.

1975இல் ஐ.இ.இ.இ. 488 தரம் வந்தது. அது வடத்தையும் முனையையும் கருவிகள் முறைவைத்துப் பேசும் ஒழுங்கையும் வரையறுத்தது. பேசவேண்டிய சொற்களை வரையறுக்கவில்லை. எழுத்தைப் பொதுவாக்கிவிட்டு இலக்கணத்தை அவரவர் விருப்பத்துக்கு விட்டதுபோல. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வட்டார வழக்கைப் படைத்தது. ஹெச்.பி. 6632ஏ மாதிரி ‘விசெட்’ என்றால்தான் வோல்ட்டை மாற்றும். 1987இல் பொதுக் கட்டளைகளும், 1990இல் ‘ஸ்கிப்பி’ என்று உச்சரிக்கப்படும் பொதுமொழியும் வந்தபின் அதே வேலைக்கு ‘வோல்ட்’ என்பது சொல்லாயிற்று. பின்வந்த 6632பி இரண்டையும் அறியும். ஒரே கட்டளையில் பழைய வழக்குக்குத் திரும்பிவிடும். இரட்டை வழக்கு என்று நாம் பாடம் நடத்துவதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. (சொல்லின் வரிசையால் பொருள்கொள்ளும் முறைக்கு ‘நிரல்நிறை’ எனத் தொல்காப்பியம் பெயரிட்டது. கணினித் தமிழுக்கு ‘நிரலை’த் தேர்ந்தவர்கள் அதை எண்ணினார்களோ இல்லையோ, தேர்வு நன்று.)

பழைய கருவியைச் சீரமைப்பவர் இந்த வரலாற்றைப் பின்னோக்கிப் படிக்கிறார். பாலக்காட்டிலோ தொடுபுழையிலோ ஒரு மாணவர் அமெரிக்காவிலிருந்து கழித்துவிடப்பட்ட பெட்டியை வாங்கினால், முதலில் பார்க்கவேண்டியது மின்மாற்றியின் முதற்சுருள் 120 வோல்ட்டுக்கு இணைக்கப்பட்டுள்ளதா என்பதை. அதை மாற்றாமல் நம் 230 வோல்ட்டில் செருகினால் வேலை அங்கேயே முடிந்துவிடும். அடுத்தது முதுகுப் பட்டை. அதிலுள்ள சிறு உலோக இணைப்புத் தகடுகள் கைமாறும்போது தொலைந்துபோகும். நிரல்முனை திறந்து கிடந்தால் கருவி அதை எல்லையற்ற மின்தடையாகவே வாசிக்கும். வெளியீடு உச்சத்துக்கு ஏறும். பழுதென்று ஒதுக்கப்பட்ட கருவிக்குச் சில சமயம் தேவைப்படுவது ஒரு துண்டுத் தகடு மட்டுமே.

மூப்பும் இடத்துக்கு இடம் வேறு. மின்பகுபொருள் மின்தேக்கியின் ஆயுள் வெப்பம் 10 பாகை கூடினால் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழில்விதி. பாலக்காட்டுக் கணவாயின் கோடை 40 பாகையைத் தாண்டும். இடுக்கி மலையில் எதிரி ஈரம். ரிஃபா வகைத் தாள் மின்தேக்கியின் மேற்பூச்சு வெடித்து, அதன்வழி ஈரத்தை உறிஞ்சி, மின்செருகிய சில நிமிடங்களில் புகைவிடும். அதை முன்னதாகவே மாற்றிவிடுவது வழக்கம்; சேமிக்க வேண்டிய தொன்மை அதில் ஒன்றுமில்லை.

சேமிக்க வேண்டியது வேறு: கையேடு. அக்கால ஹெச்.பி. பராமரிப்புக் கையேடுகள் முழுச் சுற்றுப்படத்தையும், இயங்குமுறை விளக்கத்தையும், உதிரிப்பாகப் பட்டியலையும் சேர்த்தே அச்சிட்டன. பிற்காலக் கருவிகள் பலவற்றில் ‘பலகையை மாற்றுக’ என்பதோடு பேச்சு முடிகிறது. பலகை விற்பனையில் இல்லாதபோது அந்தக் கருவி வாசிக்க ஆளற்ற கல்வெட்டு. நம் பல்கலைக்கழகத் துறைகள் பழைய கருவிகளைக் கழிவுப் பட்டியலில் சேர்க்கும்போது அலமாரியிலுள்ள கையேடுகளும் பழைய தாள்களோடு எடைக்குப் போகின்றன. இதைப் படிக்கும் ஆசிரியர்கள் அவற்றை நூலகத்துக்கு மாற்றினால் போதும், செலவு ஏதுமில்லை.

கருவியின் அளவுத்திருத்த எண்களையும் அப்படியே. ஹெச்.பி. 3478ஏ அளவியில் அவை ஒரு சிறிய லித்தியம் பேட்டரியின் தயவில்தான் நினைவில் நிற்கின்றன. பேட்டரி தீருமுன் 488 வடத்தின்வழி அவற்றைப் படித்து ஒரு கோப்பில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.