உழவு இயந்திரமும் எரிபொருள் கசடும்

உழவு இயந்திரத்தின் வரலாற்றை எழுதுவோர் அதன் குதிரைத்திறனைக் கூறுவர். அதனைப் படைத்த அறிஞர்களின் பெயர்களையும் கூறுவர். அதன் எரிபொருள் தொட்டியின் அடியில் தங்கும் கசட்டைப் பற்றிப் பெரும்பாலும் கூறுவதில்லை. நான் அந்தக் கசட்டைப் பற்றியே இங்குச் சொல்ல விரும்புகிறேன். இயந்திரத்தைச் செய்தவரின் அறிவும் அதனை ஓட்டும் உழவரின் பொறுப்பும் சந்திக்கும் இடம் அதுவே என்பது என் கருத்து.

இதற்குச் சான்றாக ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 1946-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இங்கிலாந்தில் கவெண்ட்ரி நகரத்துப் பேனர் லேன் தொழிற்சாலையிலிருந்து, சாம்பல் நிறமுள்ள சிறிய டிராக்டர் ஒன்று வெளிவந்தது. போர்க்காலத்தில் விமான இஞ்சின்கள் செய்துவந்த தொழிற்சாலை அது. டிராக்டரின் பெயர் பெர்குசன் டீ. ஈ. 20. அதனை வகுத்த ஹாரி பெர்குசன் 1884-இல் அயர்லாந்தின் வடபகுதியில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப்போரின்போது, 1917-இல், அயர்லாந்தில் டிராக்டர்களின் வேலைத்திறனைச் சீர்படுத்தும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே, வயலில் நின்றுபோகும் இயந்திரத்தின் தொல்லையை அவர் நன்கு அறிந்தவர்.

அந்த 1946 ஜூலையில் மற்றொன்றும் நிகழ்ந்தது. போர் நடந்த ஆண்டுகளிற்கூட ரொட்டிக்குப் பங்கீடு விதிக்காத பிரிட்டிஷ் அரசாங்கம், போர் முடிந்தபின் அம்மாதத்தில் அதனை விதித்தது. 1948 ஜூலை வரை அது நீடித்தது. ரொட்டியையும் எண்ணிக் கொடுக்கவேண்டிய நாட்டில், விதைப்புப் பருவத்தில் ஒரு டிராக்டர் ஒரு நாள் நின்றுவிட்டால் அது ஓர் உழவரின் நட்டம் மட்டும் அன்று. ஆனால், அவ்வாறு நிறுத்துவதற்கு ஒரு கைப்பிடித் துருவே போதும்.

அது எவ்வாறு என்று பார்ப்போம். பெட்ரோலில் ஓடிய வகையில், எரிபொருள் தொட்டி இஞ்சினுக்கு மேலே அமைந்திருந்தது. எரிபொருள் தன் எடையாலேயே கீழே இறங்கும். அதனை இறைக்கத் தனிப் பம்பு இல்லை. வழியில் ஒரு திருகுக் குழாய், மெல்லிய கம்பிவலை, ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணம் ஆகியவை இருந்தன. நீரும் துகளும் கிண்ணத்தின் அடியில் படிவதை உழவர் தம் கண்ணாலேயே காணலாம். தொட்டியில் எரிபொருள் குறைந்தபோது, குழாயை மேலும் திருப்பினால் அடியில் எஞ்சிய சேமிப்பு கிடைக்கும். நீரும் கசடும் கிடப்பதும் அங்கேதான். ஆதலால், அவசரத்திற்கு உதவவேண்டிய எரிபொருளே சில வேளைகளில் இஞ்சினை நிறுத்தியும் விடும்.

கசடு எங்கிருந்து வருகிறது? ஓடாமல் நின்ற காலத்திலிருந்தே அதில் பெரும்பகுதி வருகிறது. பாதி நிறைந்த தொட்டியின் மேற்பகுதியில் காற்று நிற்கிறது. இரவின் குளிரில் அக்காற்றிலுள்ள ஈரம் தகட்டில் துளித்து, பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் இறங்குகிறது. இரும்புத் தகடு துருவேறுகிறது. நெடுநாள் கிடந்த பெட்ரோலும் பிசின்போல் ஒட்டிக்கொள்கிறது.

இந்நோயின் குறி விந்தையானது. இஞ்சின் நன்றாகக் கிளம்பும், சிறிது நேரம் உழும், பின் நின்றுவிடும். கால்மணி நேரம் விட்டுவிட்டால் மீண்டும் கிளம்பும். ஓடும்போது துகள்கள் குழாயின் வாயை அடைக்கின்றன; நின்றதும் அவை விலகுகின்றன. தொட்டி மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டாலும் இதே குறி தோன்றும். ஆகவே முதலில் மூடியைப் பார்ப்பதே அறிவுடைமை.

தொட்டியைத் தூய்மைசெய்யும் முறையில் புதுமை ஒன்றும் இல்லை. எரிபொருளை வடித்துத் தொட்டியைக் கழற்றவேண்டும். சிறு கூழாங்கற்களையோ சங்கிலியையோ நீருடன் இட்டுக் குலுக்கவேண்டும். நம் வீடுகளில் குறுகிய வாயுள்ள சீசாவை மணலிட்டுக் குலுக்கிக் கழுவுவது இம்முறையே. இட்ட கற்களை எண்ணி வைத்திருந்து எண்ணியே வெளியில் எடுக்கவேண்டும். எஞ்சிய துருவை வினிகர் கரைக்கும். பித்தளைப் பாத்திரத்தைப் புளி துலக்குவதும் புளிப்பின் வேலையே அன்றோ! பின்பு சலவைச் சோடா கரைத்த நீரால் கழுவி, உடனே உலர்த்தி, உட்புறம் எண்ணெய் பூசவேண்டும். இல்லையேல் புதிய துரு விரைவில் தோன்றும்.

இங்கு ஓர் எச்சரிக்கை மிக முக்கியமானது. நிறைந்த தொட்டியைக் கண்டு அஞ்சும் பலர், வெறுமையான தொட்டியைக் கண்டு அஞ்சுவதில்லை. உண்மை இதற்கு மாறானது. எரிவது பெட்ரோலின் ஆவி. அது காற்றுடன் கலந்தால் வெடிக்கும். வடித்த தொட்டியில் இவ்விரண்டும் உள்ளன. ஆதலின் அதன் அருகே விளக்கோ, பீடியோ, பற்றவைக்கும் கருவியோ வருதல் கூடாது. இப்பணி திறந்த வெளியில் செய்யத்தக்கது. துரு போக்கச் சென்றவர் உயிரை இழத்தல் எத்துணைக் கொடுமை!

இயந்திரத்தை விற்றால் மட்டும் போதாது, அதனைப் பேணும் அறிவும் உடன் செல்லவேண்டும் என்பதைப் பெர்குசன் உணர்ந்திருந்தார். இங்கிலாந்தில் ஸ்டோன்லி ஆபி என்னுமிடத்தில் இதற்கெனப் பயிற்சிப் பள்ளி நடைபெற்றது. 1956-இல் உற்பத்தி முடிவதற்குள் ஐந்து லட்சத்திற்கு மேற்பட்ட டிராக்டர்கள் வெளிவந்தன. 1953-இல் பெர்குசன் நிறுவனம் மாஸி-ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைந்தது. அவ்வழி வந்த மாஸி பெர்குசனின் தொழில் உறவோடுதான் 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றியது. நம் வயல்களில் உழும் சிவப்பு டிராக்டர்கள் பலவற்றுக்கும் அந்தச் சாம்பல் நிற டிராக்டர் ஒரு மூதாதை எனலாம்.

மாட்டை வைத்து உழுதவர், மாடு தீனி எடுக்காவிட்டால் அன்றே அதன் வாயைத் திறந்து பார்த்தார். இயந்திரத்தை வைத்து உழுபவர் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது. கருவி மாறினாலும் கவனிக்கும் கடமை மாறவில்லை. பெரிய கண்டுபிடிப்புகளைப் படிக்கும் மாணவர்கள், அவற்றை நாள்தோறும் ஓடச்செய்த இத்தகைய சிறு பணிகளையும் வரலாற்றின் பகுதியாகவே கருதிப் படிக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.