வெங்காய வேரில் ஒரு பழைய உறவு

வல்வெட்டித்துறை எண்டால் கடலும் கப்பலும்தான் பேச்சு. இங்கே கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்த கதையை நாங்கள் சின்ன வயதிலேயே கேட்டுவிட்டோம். கடற்கரைக்குத் தெற்கே இருக்கிற வெங்காயத் தோட்டங்களின் கதையை யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. அதையும் அதே காலத்திலிருந்து தொடங்கலாம்.

1937-38இல் அல்பேர்ட் ஹோவார்ட் என்ற ஆங்கிலேய விவசாய அறிஞர் இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். தேயிலை வேர்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத பங்கசு வாழ்வதும், கூட்டெரு அதற்கு உதவுவதும் அவரை ஈர்த்தன. வேரும் பங்கசும் சேர்ந்த இந்தக் கூட்டுக்கு ஜேர்மனியரான பிராங்க் 1885இலேயே மைக்கொரைசா என்று பெயர் வைத்திருந்தார். வேர் பங்கசைச் செரித்து உண்கிறது என்று ஹோவார்ட் நம்பினார். அந்த விளக்கம் நிலைக்கவில்லை. பங்கசு தன் நுண்ணிழைகளால் மண்ணிலிருந்து பொசுபரசைக் கொண்டுவருகிறது, பயிர் பதிலுக்குச் சீனி கொடுக்கிறது என்பது பிறகு தெளிவானது.

இது எங்களுக்கு ஏன் முக்கியம்? வெங்காயத்தின் வேர் கட்டை. வேர்மயிரும் மிகக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் பொசுபரசு கல்சியத்தோடு பிணைந்து கிடக்கும். அங்கே வெங்காயத்துக்குப் பங்கசின் துணை பெரிய உதவி.

எங்கட பெரியாக்களுக்கு இந்தப் பெயர் தெரியாது. ஆனால் பூவரசங்குழை தாழ்த்தினார்கள், பனையோலை புதைத்தார்கள், பட்டி அடைத்தார்கள். மண்ணில் உயிர் தங்கியது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை வந்தது. உரமூட்டையும் தோட்டத்துக்குள் வந்தது. பொசுபரசு தாராளமாகக் கிடைத்தால் பயிர் பங்கசுக்கு இடம் கொடுப்பது குறையும். பங்கசுகொல்லிகள் சிலவும் அதைப் பாதிக்கும்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யூரியாவும் அடங்கியது. 2021 மே மாதம் அரசு இரசாயன உர இறக்குமதியையே நிறுத்தியது. நவம்பரில் தடையை விலக்கியது. இரண்டு முறையும் விவசாயியிடம் யாரும் கேட்கவில்லை. பங்கசு நைதரசனை உண்டாக்கித் தராது. குறைந்துபோன பங்கசும் ஒரு போகத்தில் திரும்பி வராது. அதற்குக் குழையும் எருவும் பல வருசம் வேணும்.

குழைக்கு எங்கே போறது? ஒழுங்கையில் நடந்து பாருங்கோ. பூவரச வேலிகள் ஒவ்வொன்றாக மதிலாகிக்கொண்டிருக்கின்றன.