ஒரு தீக்குச்சியும் 31 உயிர்களும்

டில்லிக்கு வந்த பிறகு தினமும் மெட்ரோவில்தான் ஆபீஸ். ராஜீவ் சவுக்கில் ரயில் மாறும்போது எஸ்கலேட்டரில் நிற்கிற அந்த ஒரு நிமிஷம், எனக்கு லண்டன் கிங்ஸ் கிராஸ் ஞாபகம் வந்துவிடும். லண்டனை நான் பார்த்ததே இல்லை. பேங்கில் இன்ஸ்பெக்‌ஷன் வேலையில் இருந்தபோது இந்த விபத்தைப் பற்றிப் படித்தேன். அன்றிலிருந்து மனசை விட்டுப் போகவில்லை.

1987 நவம்பர் 18, புதன்கிழமை. இரவு ஏழரை மணி. பிக்காடில்லி லைனிலிருந்து மேலே வரும் எஸ்கலேட்டருக்கு அடியில் சின்னதாக நெருப்பு தெரிகிறது என்று ஒரு பயணி சொல்கிறார். அது மரத்தாலான பழைய எஸ்கலேட்டர். யாரோ பற்றவைத்துப் போட்ட தீக்குச்சி, படிக்கும் பக்கச் சட்டத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாகக் கீழே விழுந்திருக்கிறது. அங்கே பல வருஷமாக முழுசாகச் சுத்தம் செய்யாத கிரீஸ், தூசி, காகிதக் குப்பை.

ரயிலுக்குள் 1984-லேயே புகைபிடிக்கத் தடை. சுரங்க ஸ்டேஷன்களிலும் 1985-ல் தடை வந்துவிட்டது. ஆனால் வெளியே போகிற அவசரத்தில் எஸ்கலேட்டரிலேயே சிகரெட்டைப் பற்றவைப்பது பலருக்கும் பழக்கம். யாரும் தடுக்கவில்லை.

7:39-க்கு ஸ்டேஷனைக் காலி செய்ய முடிவெடுத்து, கீழே இருந்தவர்களை விக்டோரியா லைன் எஸ்கலேட்டர் வழியாக மேலே அனுப்பினார்கள். அந்த வழி போய்ச் சேருவதும் அதே டிக்கெட் ஹாலுக்குத்தான். 7:45-க்கு ஒரே வீச்சில் தீ அந்த ஹாலுக்குள் பாய்ந்தது. 31 பேர் இறந்தார்கள். முதலில் வந்த தீயணைப்புக் குழுவின் அதிகாரி காலின் டவுன்ஸ்லியும் அதில் ஒருவர்.

அட்டைப்பெட்டி எரிகிற அளவு என்று நினைத்த தீ எப்படி இப்படிப் பாய்ந்தது? கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டபோது, தீ மேலே எழும்பாமல் சரிவான படிக்கட்டுப் பள்ளத்தோடு படுத்து ஓடுவதாகக் காட்டியது. நிபுணர்களே முதலில் நம்பவில்லை. சின்ன மாடல் செய்து கொளுத்திப் பார்த்தார்கள். அப்படியேதான் எரிந்தது.

டெஸ்மண்ட் ஃபெனல் என்ற வக்கீல் நடத்திய விசாரணையின் அறிக்கை 1988 நவம்பரில் வந்தது. மொத்தம் 157 பரிந்துரைகள். என்னை உலுக்கியது வேறு ஒரு விஷயம். அந்த எஸ்கலேட்டரின் பக்கச் சட்டத்தில் எட்டு இடங்களில் பழைய கருகல் இருந்தது. அதாவது, முன்பும் தீப்பிடித்து, தானாகவே அணைந்திருக்கிறது! நிர்வாகத்தில் இதற்குத் தீ என்ற வார்த்தையையே சொல்ல மாட்டார்களாம். "புகைச்சல்" என்றுதான் பெயர். எஸ்கலேட்டருக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சும் கருவி இருந்தும் அன்று யாரும் அதைத் திருகவில்லை. ஊழியர்களுக்குப் பயிற்சியே தரவில்லை.

எங்கள் தொழிலிலும் இந்தப் "புகைச்சல்" உண்டு. ஒரு கிளையில் ஸ்ட்ராங் ரூம் சாவி இரண்டும் ஒருவரிடமே இருக்கும். இன்ஸ்பெக்டர் எழுதுவார். மேனேஜர் "சரி செய்யப்பட்டது" என்று பதில் எழுதுவார். அடுத்த வருஷமும் அதே குறிப்பு, அதே பதில். நானும் அப்படிக் கையெழுத்துப் போட்டவன்தான். ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஒன்றும் ஆகாது என்று நம்பிவிடுகிறோம். எட்டு முறை அணைந்த தீ ஒன்பதாவது முறையும் அணையும் என்று யார் சொன்னது?

அறிக்கைக்குப் பிறகு பெரிய தலைகள் இரண்டு ராஜினாமா செய்தன. 1989-ல் புது விதிகள் வந்தன. மர எஸ்கலேட்டர்களை மாற்ற ஆரம்பித்தார்கள். கடைசி ஒன்று, கிரீன்ஃபோர்ட் ஸ்டேஷனில் இருந்தது, 2014-ல்தான் ஓய்வு பெற்றது.

இறந்தவர்களில் ஒருவர் யாரென்று 2004 வரை தெரியவில்லை. 16 வருஷம் அவர் வெறும் 115-ம் நம்பர். ஸ்காட்லாந்திலிருந்து லண்டன் வந்து, வீடு வாசல் இல்லாமல் இருந்தவர். ஊரை விட்டு வந்து பிழைக்கிற நமக்கு இதைப் படிக்கும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

இன்று வீட்டுக்குப் போனதும் கேஸ் டியூபை ஒரு தடவை பாருங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்ட அந்த இன்னொரு விஷயத்தையும்தான்.