வெறுங்கையோடு போன பெண்கள்: மரியாயின் சேனையின் முதல் ஓராண்டு

1921 செப்டம்பர் 7, புதன்கிழமை. விடிந்தால் அன்னை மரியாவின் பிறந்தநாள் விழா. இரவு எட்டு மணிக்கு டப்ளின் நகரத்து ஃபிரான்சிஸ் தெருவில், மைரா இல்லத்தின் ஓர் அறையில் பதினைந்து பேரளவில் கூடினார்கள். அவர்களுள் அருட்தந்தை மைக்கேல் டோகரையும் பிராங்க் டஃப் என்ற அரசு அலுவலரையும் தவிர மற்ற எல்லாரும் பெண்கள். மூத்தவரான எலிசபெத் கிர்வான் அம்மையார் தலைவியானார். மற்றவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள்.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது மேசை தயாராக இருந்தது. முன்னதாகவே வந்துவிட்ட ஒருவர் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் அமலோற்பவ அன்னையின் சுரூபத்தை வைத்து, இருபுறமும் மெழுகுதிரிகளை ஏற்றி, இரண்டு குவளைகளில் பூ வைத்திருந்தார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவருக்கு ஆணையிடவில்லை. இன்று கோட்டாறு, தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் என்று எந்த மறைமாவட்டத்தில் சேனையின் அடிப்படைக் குழுவான பிரசீடியம் ஒன்று கூடினாலும் மேசை இதே ஒழுங்கில்தான் அமைகிறது. உலகம் முழுவதும் பரவிய ஓர் இயக்கத்தின் முதல் வடிவத்தை, கூட்டம் தொடங்குமுன்பே ஒரு பெண்ணின் கை தீர்மானித்துவிட்டது என்பது எனக்குச் சிறிய செய்தியாகத் தோன்றவில்லை.

சேனையின் வரலாற்றைச் சொல்லும்போது நாம் பிராங்க் டஃபில் தொடங்கி அவரிலேயே முடித்துவிடுகிறோம். அவர் பெருமையில் எவ்வித ஐயமும் இல்லை. சேனையின் கைநூலை எழுதியவர் அவர். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் இயக்கத்தைச் சுமந்தவர் அவர். ஆனால் இந்த இயக்கம் பெண்கள் முன்வைத்த ஒரு கோரிக்கையிலிருந்து பிறந்தது. அந்த முதல் ஆண்டு அவர்களுடைய ஆண்டு. நூற்றாண்டைக் கடந்துவிட்ட இந்த வேளையிலாவது அதை அவர்கள் கணக்கில் எழுத வேண்டும்.

மைரா இல்லம் அப்போது புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் கூடும் இடம். அருகிலுள்ள மைரா நகர்ப் புனித நிக்கோலாஸ் ஆலயத்தை ஒட்டி அதற்கு அந்தப் பெயர். 1833-இல் பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஓசானாமும் அவருடைய மாணவ நண்பர்களும் தொடங்கிய அந்தச் சபை, ஏழைகளை அவர்கள் வீட்டிலேயே போய்ச் சந்திப்பதைத் தன் உயிர்ப்பணியாகக் கொண்டது. டப்ளினில் அதன் கிளைகள் ஆண்களுக்கு மட்டுமே உரியவை. பெண்கள் அதே இல்லத்தில் மதுவிலக்குப் பணிக்காகக் கூடினார்கள். புனித லூயிஸ் மோன்ஃபோர்டின் மரியன்னை பக்தி பற்றிய நூலைச் சேர்ந்து படித்து விவாதித்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குக் காலை உணவு பரிமாறினார்கள். அப்படி ஒரு கூட்டத்தில் வின்சென்ட் சபைச் சகோதரர் ஒருவர், தென் டப்ளின் யூனியன் மருத்துவமனையில் ஆண் நோயாளிகளைப் பார்த்துவந்த அனுபவத்தைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள், பெண்கள் பகுதிக்கு நாங்கள் போகக் கூடாதா என்று கேட்டார்கள். மரியாயின் சேனைக்கு வித்து அந்தக் கேள்விதான்.

அவர்கள் போக விரும்பிய இடம் எப்படிப்பட்டது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1838-ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டத்தின்கீழ் அயர்லாந்து முழுவதும் இயங்கிய ஏழை விடுதிகளின் வரிசையில் வருவது தென் டப்ளின் யூனியன். மருத்துவமனை, முதியோர் கொட்டகை, மனநோயாளர் பகுதி, தேவாலயம், சமையற்கூடம் எல்லாம் ஒரே மதிலுக்குள் அடங்கிய ஒரு தனி ஊர் அது. 1916 உயிர்ப்புப் பெருவிழா வார எழுச்சியின்போது ஏமன் கெண்ட் தலைமையில் கிளர்ச்சியாளர்கள் அதைப் பிடித்து வைத்திருந்தார்கள். நோயாளிகள் உள்ளே இருக்கும்போதே கட்டடத்துக்குக் கட்டடம் துப்பாக்கிச் சண்டை நடந்தது. அங்கே போய்ச் சேருவதைக் குடும்பங்கள் மானக்கேடாக எண்ணின. வைத்தியத்துக்குக் காசில்லாதவர்களும் பிள்ளைகள் கைவிட்ட கிழவிகளும் மணமாகாமல் தாயானவர்களும் வந்து சேர்கிற கடைசி இடம். உறவினர் வருவது அரிது. இன்று அதே நிலத்தில் புனித யாக்கோபு மருத்துவமனை நிற்கிறது.

முதல் நாள் கூட்டம் தூய ஆவியை நோக்கிய செபத்தோடும் செபமாலையோடும் தொடங்கியது. பிறகு வேலை பேசினார்கள். தனியாக யாரும் போகக் கூடாது. இருவர் இருவராகத்தான் போக வேண்டும். வாரந்தோறும் கூட வேண்டும். போய் வந்ததைக் கூட்டத்தில் அறிக்கையாகச் சொல்ல வேண்டும். இவற்றோடு சேனையில் வேரூன்றிய இன்னொரு விதியும் உண்டு: பொருளுதவி எதுவும் கொடுக்கக் கூடாது. பிற்காலக் கைநூல் இதில் காட்டும் கண்டிப்பு வியப்பளிக்கும். பழைய துணியைக்கூடக் கொடுக்கக் கூடாது என்கிறது.

இந்த விதியைப் புரியாமல் பழித்தவர்கள் உண்டு. பசித்தவனிடம் வெறுங்கையோடு போய் நிற்பதா என்று நம் பங்குகளிலும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பசியைப் பார்த்துவிட்டு வாய்மூடித் திரும்பு என்று விதி சொல்லவில்லை. தேவையைக் கண்டால் அதற்கென்று உள்ளவர்களிடம் தெரிவிக்கச் சொல்கிறது. டப்ளினில் அந்த வேலைக்கு வின்சென்ட் சபை இருந்தது. ஆனால் விதிக்குள் இதைவிட ஆழமான ஒரு ஞானம் இருக்கிறது. கையில் பொட்டலத்தோடு போனால் நோயாளி பொட்டலத்துக்காகக் காத்திருப்பார். கொடுத்தவர் மேலே, வாங்கியவர் கீழே என்ற படிக்கட்டு பேச்சில்லாமலே உருவாகிவிடும். பொருள் தீர்ந்த வாரம் போவதற்குக் கூச்சம் வந்து, போவதே நின்றுவிடும். வெறுங்கையோடு போகிறவளுக்கு அந்த வசதி கிடையாது. கட்டிலருகே உட்கார வேண்டும். பெயர் கேட்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடியாத ஒரு கதையைக் கடைசிவரை கேட்க வேண்டும். போன வாரம் சொன்ன மருமகளின் பெயர் இந்த வாரம் நினைவில் இருக்க வேண்டும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பெரும்பணக்காரச் சீமாட்டிகள் ஏழைகளுக்குக் கூடை நிறைய அனுப்பிவைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் பழையது. கூடை நிரப்ப வழியில்லாத ஒரு பெண்ணையும் முழுமையான பணியாளராக்கியது இந்த விதிதான். அவளிடம் இருந்தது நேரமும் பொறுமையும். அதுவே போதுமென்று ஆனது.

வார அறிக்கையின் அருமையும் அந்த ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. அது வின்சென்ட் சபையிடமிருந்து பெற்ற பழக்கம். ஒவ்வொரு வாரமும் எழுந்து, எங்கே போனோம், யாரைப் பார்த்தோம், என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும் என்றால், போகாமல் இருப்பது கடினம். முதல் வார உற்சாகம் ஆறாவது வாரத்தில் வடிந்துபோவது மனித இயல்பு. அதற்கு எதிராக அந்தப் பெண்கள் கட்டிய கரை இந்த அறிக்கை. ஒருவருக்கு முகம் கொடுக்காத நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதை மற்றவர் அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டார்கள். கேட்டவை அந்த அறையைவிட்டு வெளியே போகக் கூடாது என்ற கட்டுப்பாடும் கூடவே இருந்தது. பேச்சுக்கலை படிக்காத பெண்கள் வாரந்தோறும் ஒரு சபையின் முன் நின்று, நடந்ததை நடந்தபடி சுருக்கமாகச் சொல்லப் பழகினார்கள். சபைக் கூட்டங்களில் பெண்கள் குரலே கேட்காத ஒரு காலத்தில், தலைவியும் செயலரும் பொருளாளரும் பெண்களாகவே இருந்த கூட்டம் இது. 1929-இல்தான் ஆண்களுக்கென்று முதல் பிரசீடியம் அமைந்தது. எட்டு ஆண்டுகள் இது பெண்களின் இயக்கமாகவே நடந்தது என்பதை நம் நினைவு மலர்கள் போதிய அளவு சொன்னதில்லை.

அந்த முதல் ஆண்டு நாடு அமைதியாக இருந்த ஆண்டும் அன்று. 1921 ஜூலையில் பிரித்தானியப் படையோடு போர்நிறுத்தம், டிசம்பர் 6-இல் ஒப்பந்தம், ஒப்பந்தத்தை ஏற்பதா மறுப்பதா என்று வீட்டுக்கு வீடு பிளவு, 1922 ஜூன் 28-இல் டப்ளின் நீதிமன்றக் கட்டடத்தின்மீது பீரங்கி முழங்க உள்நாட்டுப் போர். அந்தக் கோடையில்தான் இப்பெண்கள் தங்கள் துணிச்சலான அடியை எடுத்துவைத்தார்கள்.

பாலியல் தொழிலில் சிக்கியிருந்த பெண்கள் தங்கும் விடுதிகளுக்குள் மரியாதைப்பட்ட பெண் ஒருத்தி கால் வைப்பதை அக்கால டப்ளின் நினைத்துப் பார்த்திருக்காது. டஃபும் இப்பெண்களும் பேசின் சந்தில் இருந்த அப்படியொரு விடுதிக்குள் போனார்கள். அங்கிருந்தவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். தியானம் செய்ய வருகிறீர்களா என்று கேட்டார்கள். வருகிறோம் என்று சொன்னார்கள். 1922 ஜூலையில், நகரத்தில் வெடிமருந்தின் புகை முழுதாக அடங்காத நாள்களில், இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் பால்டாயில் கன்னியர் மடத்தில் தியானம் செய்தார்கள். தியானம் முடிந்தால் எங்கே போவது? மறுபடி அதே சந்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டு இதை ஒரு புண்ணிய காரியமாகக் கணக்கெழுத அவர்களுக்கு மனம் வரவில்லை. புதிய அரசின் உள்ளாட்சி அமைச்சர் டபிள்யூ. டி. காஸ்கிரேவிடம் டஃப் போய் நின்றார். ஹார்கோர்ட் தெரு 76-ஆம் எண் வீடு கிடைத்தது. சில ஆண்டுகளுக்குமுன் தடைசெய்யப்பட்ட மக்கள் அரசின் நிதித்துறை அலுவலகத்தை விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் நடத்திய அதே வீடு, 'சாங்தா மரியா' இல்லமாயிற்று. முதல் கூட்டம் கூடி ஓராண்டு அப்போது நிறைந்திருக்கவில்லை.

அந்த இல்லத்தின் தன்மையை அக்கால அயர்லாந்தின் மற்ற இல்லங்களோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை புரியும். நம் திருச்சபையின் கன்னியர் சபைகள் நடத்திய மகதலேனா சலவை இல்லங்களில் 'வழிதவறியவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்ட பெண்கள் பூட்டிய கதவுக்குள், கூலியில்லாமல் ஆண்டுக்கணக்கில் துணி வெளுத்தார்கள். கடைசிச் சலவை இல்லம் மூடப்பட்டது 1996-இல். அயர்லாந்து அரசு அப்பெண்களிடம் மன்னிப்புக் கேட்டது 2013-இல். ஒரு நினைவு மலரில் இதை எழுத வேண்டுமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் அதே நகரில், அதே காலத்தில், அதே விசுவாசத்தோடு சேனையின் பெண்கள் வேறொரு வழியைக் காட்டினார்கள். சாங்தா மரியாவில் பூட்டு இல்லை. போக நினைத்தவள் போகலாம். திரும்ப நினைத்தவளுக்குக் கதவு திறக்கும். பணியாளர்கள் அவர்களோடு அதே கூரையின்கீழ் வாழ்ந்தார்கள். 1930-இல் சேனை தொடங்கிய ரெஜினா செலி விடுதியில் மணமாகாத தாய்மார் தங்கள் குழந்தையைத் தம்மோடு வைத்து வளர்க்க முடிந்தது. குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து அனுப்புவதே முறை என்றிருந்த ஒரு நாட்டில் அது எவ்வளவு பெரிய காரியம்! கட்டிலருகே உட்கார்ந்து ஒரு மனுஷியின் கதையைக் கேட்கப் பழகியவர்களால் அவள்மீது பூட்டுப் போட முடியவில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை. 1925-இல் டப்ளினின் மான்டோ பகுதியில் விபசார விடுதிகள் மூடப்பட்டன. அதே ஆண்டில் இயக்கம் இன்றைய பெயரைப் பெற்றது. 1928-இல் ஸ்காட்லாந்துக்குப் போனது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறுதி அமர்வில், 1965-இல், பொதுநிலையினர் பார்வையாளராகப் பிராங்க் டஃப் அமர்ந்தார்.

எடல் குயினைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை அதிகம் சொல்ல வேண்டும். தட்டச்சு, கணக்கு என்று டப்ளின் அலுவலகம் ஒன்றில் வேலைபார்த்த இந்தப் பெண் தலைமையேற்ற பிரசீடியம், தெருவில் வாழ்ந்த பெண்களைச் சந்திக்கும் பணியையே செய்துவந்தது. 1922 கோடையில் திறந்த பாதையில் நடந்தவர் அவர். காசநோய் அவரைப் பதினெட்டு மாதங்கள் மருத்துவமனையில் கிடத்தியது. அந்த உடலோடு 1936-இல் நைரோபிக்குக் கப்பலேறினார். கென்யா, உகாண்டா, தங்கனீக்கா, மொரீசியஸ் என்று எட்டாண்டுகள் ஊர் ஊராகப் போய் 1944 மே 12-இல் நைரோபியில் காலமானார். 1994-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

நம் பங்குகளுக்கு வருவோம். ஞாயிறு திருப்பலி அறிவிப்பில் 'மரியாயின் சேனை வாரக்கூட்டம் வழக்கம்போல் நடைபெறும்' என்று ஒரே வரியில் கடந்துபோகிற இந்த அக்காக்களும் அம்மாக்களும் செய்கிற வேலை என்ன? அரசு மருத்துவமனைப் பொதுப்பிரிவில் துணைக்கு ஆளில்லாதவர் கட்டிலருகே நிற்கிறார்கள். படுத்த படுக்கையான பாட்டிக்கு நற்கருணை வேண்டும் என்று பங்குத்தந்தையிடம் போய்ச் சொல்கிறார்கள். கோவிலுக்கு வராமல் நின்றுவிட்ட வீட்டில் மூன்றுமுறை கதவு திறக்காவிட்டாலும் நான்காம் முறை தட்டுகிறார்கள். அதில் ஓய்வுபெற்ற ஆசிரியையும் உண்டு, பீடி சுற்றிவிட்டு வருகிற அக்காவும் உண்டு. வாரத்துக்கு இரண்டு மணி நேரப் பணி என்பது கணக்கு. அந்தக் கணக்கோடு நிற்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அவர்கள் வாரந்தோறும் சொன்ன அறிக்கைகள் செயலரின் குறிப்பேடுகளில் இருக்கின்றன. நீலக் கோடு போட்ட நோட்டுகள். யாருடைய கையெழுத்து என்று அடையாளம் சொல்ல இன்னும் ஆள் இருக்கிறது. ஆலய அலமாரிகளில் கரையான் அரிப்பதற்குமுன் அவற்றை, பிரசீடியங்களுக்கு மேலான குழுவாகிய ஒவ்வொரு கூரியாவும் திரட்ட வேண்டும். நோயாளிகளின் பெயர்களும் குடும்பச் செய்திகளும் வெளியே போகாத வகையில் பூட்டிப் பாதுகாக்கலாம். சந்திக்கப் போன பெண்களின் பெயர்களைத் தனிப்பட்டியலாக எழுதி எடுக்கலாம். மறைமாவட்ட ஆவணக் காப்பகங்களில் ஆயர்களின் சுற்றறிக்கைகளுக்கும் பங்குப் பதிவேடுகளுக்கும் பக்கத்தில் அவை இருக்கத் தகுதியானவை. இந்த மலரை வெளியிடும் குழுவினரே தங்கள் பங்கின் முதல் குறிப்பேட்டைத் தேடி எடுத்து இதைத் தொடங்கிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.